இலை உருவிய காடு

முதல் மூட்டை கட்டி முடிந்ததும் மாடத்தி படி சுமக்கக் கிளம்பிவிடுவாள்.

மண்ணுக்குள் நூல் போட்ட நாளிலிருந்து ஊரில் இது வழக்கம். யாருடைய காடு மண்ணுக்கடியில் ஊரிடம் அதிகம் வாங்கித் தின்றதோ, அந்தக் காட்டுக்காரர் தன் விளைச்சலில் வீட்டுக்கு ஒரு படி அளந்து, தானே சுமந்துபோய்க் கொடுத்துவிட்டு வர வேண்டும். விவசாயச் சங்க விதி எதிலும் இது கிடையாது. நூல் போட்ட முதல் வருடம் தலைவர் ஆழ்வாரப்பன் கூட்டத்தில் விளையாட்டாகச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த வருடம் யாரும் சிரிக்கவில்லை. பாத்திரத்தோடு வாசலில் நின்றார்கள்.

கீழ ஓடைப்பட்டியில் புஞ்சை நிலத்தைக் காடு என்றுதான் சொல்வது. மாடத்தியின் காடு ஊரின் தெற்கு ஓரம், ஓடையை ஒட்டிக் கிடக்கும் சுக்கான் தரை. மேலே ஒரு சாண் கரிசல், அதற்குக் கீழே வெள்ளை வெள்ளையாய்ச் சுண்ணாம்புக் கல். கல்யாணத்தின்போது அப்பா அவளுக்கு மஞ்சக்காணியாகக் கொடுத்தது. பெண்ணுக்கு மஞ்சள் செலவுக்கென்று நிலம் கொடுப்பது பெருமையான காரியம். எந்த நிலத்தைக் கொடுப்பது என்பதில்தான் அப்பாக்களின் சாமர்த்தியம் இருக்கிறது. நல்ல கரிசல் தம்பி தவசிக்கு வந்தது. மாடத்தியின் புருசன் திருப்பூருக்குப் போனவன் போனவன்தான். சுக்கான் தரை மட்டும் எங்கேயும் போகவில்லை.

அந்த மாசியில் அவள் ஓலைப்பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ஆழ்வாரப்பன் வீட்டு வாசலுக்கு வந்தபோது, தவசி உள்முற்றத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான்.

"வா மாடத்தி. இந்த வருசமும் நீதானா? வேற யாருக்கும் வாய்ப்பே குடுக்க மாட்டேங்கியே" என்றார் ஆழ்வாரப்பன்.

"என்ன செய்ய அண்ணாச்சி. எங்கப்பா குடுத்த காடு. அவரு மாதிரியே ஊரு வீட்டுல கை நனைச்சுப் பழகிட்டு."

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். அவர் மனைவி மக்காச்சோளத்தை வாங்கிக் குலுக்கிப் பார்த்தாள். "மணி சின்னதா இருக்கே. இம்புட்டு வாங்கித் தின்னும் இம்புட்டுதானா?"

"வளத்தி இல்லாத புள்ளைக்கு எவ்வளவு ஊட்டுனாலும் அப்படித்தான் மதினி."

மாடத்தி பெட்டியை மறுபடி தலையில் ஏற்றிக்கொண்டாள். தம்பி அங்கே இருப்பதை அவள் பார்த்துவிட்டாள், பார்க்காததுபோல் போனாள். அவனுக்கு அது உதவியாக இருந்தது. டீ கிளாசுக்குள் பார்த்துக்கொண்டிருந்தான்.

தவசிதான் ஊரின் நூல்காரன். விவசாயக் கல்லூரியில் சேர்ந்து பாதியில் விட்டவன். சங்கம் அவனைப் பயிற்சிக்கு அனுப்பி, ஒரு பையும் சில மீட்டர்களும் கொடுத்து வேலையில் வைத்தது. கப்பலில் வந்துகொண்டிருந்த உரம் நின்று, கடைகளில் டிஏபி மூட்டை என்ற சொல்லே மறைந்துபோன காலம் அது. மண்ணில் பாஸ்பரஸ் என்னும் மணிச்சத்து இல்லாமல் இல்லை. சுண்ணாம்பில் பூட்டிக் கிடந்தது. பூட்டைத் திறக்க ஆராய்ச்சி நிலையம் ஒரு பூஞ்சையைச் செய்து கொடுத்தது. வேரோடு வேரைக் கோத்து, வரப்பைத் தாண்டி, ஊர்க்காடு முழுவதையும் ஒரே வலையாகக் கட்டிவிடும் பூஞ்சை. ஊர்க்காரர்கள் அதற்கு வைத்த பெயர் நூல். இருக்கிற காடு இல்லாத காட்டுக்குக் கொடுக்கும் என்று சொன்னார்கள். எல்லோருடைய காட்டையும் கோத்தால்தான் நூல் தருவோம் என்றும் சொன்னார்கள். அரசாங்கம் இதற்கு முன் இவ்வளவு அழகான நிபந்தனை எதையும் போட்டதில்லை.

வரப்புகளில் தவசி மீட்டர் நட்டிருந்தான். அந்த வரப்புக்கடியில் எவ்வளவு சத்து நடமாடுகிறது என்று மீட்டர் எண்ணில் காட்டும். எல்லா வருடமும் பெரிய எண் மாடத்தியின் வரப்பில்தான். எல்லா வருடமும் குட்டையான பயிரும் அங்கேதான். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் யாருக்கும் வேறு அர்த்தம் தோன்றாது.

படி சுமந்த மறுநாள் அவன் மீட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தபோது மாடத்தி காய்ந்த சோளத்தட்டையை வெட்டிக்கொண்டிருந்தாள். எத்தனை முறை சொன்னாலும் அவளுக்கு அந்தக் கதையைத் திரும்பக் கேட்க வேண்டும்.

"ஏலே, அந்த நூலு என்னதான்லே செய்யுது?"

"உனக்கு எத்தனை வாட்டிக்கா சொல்ல? பூஞ்சைக்குச் சொந்தமா சமைக்கத் தெரியாது. பயிர் இலையில வெயிலை வச்சுச் சர்க்கரை காய்ச்சும். அதுல கொஞ்சத்தை வேர் வழியா நூலுக்குக் குடுக்கும். நூல் மேல பாக்டீரியா குடியிருக்கு. அதுக்கும் அந்தச் சர்க்கரையிலதான் பங்கு. அது சுண்ணாம்பைக் கரைச்சு மணிச்சத்தை எடுக்கும். நூல் அதைக் கொண்டாந்து பயிருக்குக் குடுக்கும்."

"மூணு பேரும் ஒரே உலை."

"ஆமா."

"என் காடு உலையில என்னலே போடுது?"

"உன் பயிரே நோஞ்சான். அது என்னத்தப் போடும்?"

"வாங்குனா குடுக்கணும்லா." அரிவாளைத் தரையில் ஊன்றி நிமிர்ந்தாள். "வெறும் கையோட எவ்வளவு நாளைக்குத்தான் நிக்க? எனக்கு அந்தப் படிகூடக் கனமாத் தெரியலலே. வாசல்ல நின்னு சிரிக்கணும் பாரு, அதுதான்."

தவசிக்கு எரிச்சல் வந்தது. அவள் சிரிக்கும் வாசல்களில் அவனுக்கு டீ கொடுக்கிறார்கள். அதை அவளிடம் சொல்ல முடியாது.

"நாளையில இருந்து உப்பளத்துக்கா?"

"ஆமா. வேம்பாருக்கு வேன் வருது."

"உப்பளத்துக் காலோட காட்டுக்குள்ள வந்துராத. கழுவிட்டு வா. நூலுக்கு உப்பு ஆகாது. பட்ட இடத்துல செத்துரும்."

"சரிலே" என்றாள். அவன் சொன்னதை அவள் ஒருபோதும் மறப்பதில்லை.

அடுத்த புரட்டாசியில் விதைத்தார்கள். ஐப்பசியில் இரண்டு மழை. கார்த்திகை வெறுமனே போனது. கதிர் வாங்கும் நேரத்தில் பயிர் நின்றுவிட்டது. காய்ந்த மண்ணில் நூல் மெதுவாகத்தான் ஓடும். எவ்வளவு ஓடினாலும் கொடுக்கச் சத்து வேண்டும்.

சங்கக் கட்டடத்தில் கூட்டம் போட்டார்கள். கொடுக்கிற காட்டுக்காரர்கள் முன் வரிசைகளில் உட்காருவார்கள். வாங்குகிற காட்டுக்காரருக்குக் கடைசி வரிசை. இதுவும் விதியில் இல்லாத வழக்கம். கடைசி வரிசையில் மாடத்தி தனியாக உட்கார்ந்திருந்தாள்.

ஆழ்வாரப்பன் எழுந்தார். கெட்டவர் இல்லை. ஊரில் யாருக்கு உடம்பு முடியவில்லை என்றாலும் அவருடைய கார்தான் ஆஸ்பத்திரிக்குப் போகும். ஊரின் தெற்கு எல்லை எது என்பதில் மட்டும் அவருக்குக் கொஞ்சம் குழப்பம் உண்டு. மாடத்தி காட்டுக்கு முன்பே அது முடிந்துவிடுகிறது.

"வடக்க ஒரு ஊருல செஞ்சு பாத்திருக்கானுவ" என்றார். "இலையை உருவிட்டா பயிருக்குத் தான் சாகப்போறது தெரிஞ்சிருமாம். கையில இருக்கதையெல்லாம் நூல்ல விட்டுருமாம். நூல் அதைப் பக்கத்துப் பயிருக்குக் கொண்டுசேத்துருமாம். தவசி, உண்டா இல்லையா?"

"உண்டு அண்ணாச்சி."

"அப்போ ஒரு காட்டை உருவிவிட்டா மத்த காடெல்லாம் கதிர் பிடிக்கும்."

"எந்தக் காட்டை?" என்று முன் வரிசையில் ஒருவர் கேட்டார். யாருக்கும் தெரியாத விஷயத்தைக் கேட்பதுபோல்தான் கேட்டார்.

நாற்காலி நகரும் சத்தம் பின்னாலிருந்து வந்தது. மாடத்தி எழுந்திருந்தாள்.

"என் காட்டையே எடுத்துக்கோங்க. இத்தனை வருசம் தின்னுருக்கு. ஒருவாட்டி குடுக்கட்டும்."

முன் வரிசைப் பெண்கள் இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஆழ்வாரப்பன் அவளைக் கையெடுத்துக் கும்பிட்டார். உண்மையாகவே கும்பிட்டார். கேட்க நினைத்ததைக் கேட்காமலேயே கிடைத்துவிட்டால் யாருக்கும் பக்தி வரும்.

வெளியே வந்ததும் அவள் தம்பியின் சட்டைக் கையைப் பிடித்தாள். "வேரு உள்ளேதானலே இருக்கும்? அடுத்த வருசம் திரும்ப வெதைக்கலாம்லா?"

"வெதைக்கலாம்க்கா" என்றான். பயிர் செத்த மண்ணில் நூலும் சாகும் என்று அவனுக்குத் தெரியும். பக்கத்துக் காட்டிலிருந்து மறுபடி ஊர்ந்து வரும் என்றும் தெரியும். இரண்டாவதை மட்டும் நினைத்துக்கொண்டு சொன்னான்.

இலை உருவ ஊரே வந்தது. வரிசை வரிசையாக இறங்கி, தண்டை ஒரு கையால் பிடித்து மறு கையால் மேலிருந்து கீழே இழுத்தார்கள். பழைய துணி கிழிகிற சத்தம் காடு முழுக்கக் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அது வேலையாகிவிட்டது. வேலையானதும் பேச்சும் வந்துவிட்டது.

"ஏ மாடத்தி, உன் காட்டுக்கு மொட்டை போடுதோமே, எந்தச் சாமிக்கு?"

"ஊருச் சாமிக்குத்தான். வேற எந்தச் சாமி இவ்வளவு திங்கும்?"

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் ஒரு வரிசையில் நின்று உருவிக்கொண்டிருந்தாள். மற்றவர்களைவிட வேகமாக. உள்ளங்கை அறுபட்டு இலையில் ரத்தம் ஒட்டியதை அவள் கவனிக்கவில்லை. வரப்பிலிருந்த மீட்டரில் எண் ஏறிக்கொண்டே போனது. அந்த மீட்டரில் தவசி அதுவரை பார்க்காத எண். பிறகு இறங்கி, பூஜ்யத்தில் நின்றது.

மற்ற காடுகள் கதிர் பிடித்தன. தையில் ஊர் பொங்கல் வைத்தது. அந்த வருடம் யாரும் படி சுமக்கவில்லை. மாடத்தி தையிலேயே உப்பளத்துக்குப் போய்விட்டாள். வேன் காலையில் ஏற்றிக்கொண்டு போய், சாயங்காலம் ஓடைக்கரையில் இறக்கிவிடும். காட்டு வழியாகத்தான் வீட்டுக்கு நடப்பாள். கையில் தூக்குச்சட்டி ஆடிக்கொண்டிருக்கும்.

அடுத்த விதைப்புக்கு நல்ல மழை. மாடத்தி மட்டும் விதைக்கவில்லை. பயிர் முழங்கால் உயரம் வந்தபோது ஆழ்வாரப்பன் காட்டில் இலை நுனி கத்திரிப்பூ நிறத்துக்கு மாறியது. பிறகு தவசியின் கரிசலில். பிறகு எங்கும். மணிச்சத்து இல்லாத மக்காச்சோளம் அப்படித்தான் ஆகும். தூரத்திலிருந்து பார்த்தால் அழகாக இருக்கும். வரப்புகளில் மீட்டர் எண்கள் ஒவ்வொன்றாகச் சரிந்தன. தவசி மண்ணைத் தோண்டி வேரைக் கழுவிப் பார்த்தான். வெள்ளையாய் மினுமினுக்க வேண்டிய நூல், தொட்டால் மாவாக உதிர்ந்தது.

ஆராய்ச்சி நிலையத்திலிருந்து டாக்டர் சுகிர்தா வந்தார். அந்தப் பூஞ்சையைச் செய்த குழுவில் ஒருவர். பல நாள் தூங்காத முகம். மாடத்தியின் காட்டு வரப்பில் நின்று, எதுவும் முளைக்காத அந்தத் தரையை வெகுநேரம் பார்த்தார். பிறகு பையிலிருந்து ஒரு புது மீட்டரை எடுத்துக் காட்டினார். எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு அம்புக்குறி இருந்தது.

"பழைய மீட்டர் எவ்வளவுன்னு மட்டும்தான் காட்டும் தவசி. எந்தப் பக்கம்னு காட்டாது."

அவனுக்குத் தெரியும். பயிற்சி வகுப்பில் அதைக் கேட்டவனே அவன்தான். 'நோஞ்சான் பயிர் இருக்கிற பக்கம்தான்யா போகும், இதுக்கு மீட்டர் வேற வேணுமா?' என்று வாத்தியார் சொன்னபோது வகுப்பே சிரித்தது. அவனும் சிரித்தான்.

"நாலு ஊர்ல புது மீட்டர் நட்டுப் பாத்துட்டுத்தான் வர்றேன்" என்றார் சுகிர்தா. "எல்லா ஊர்லயும் ஒரு நோஞ்சான் காடு இருக்கு. எல்லாத்துலயும் அம்பு வெளியே பாத்து நிக்குது."

"வெளியேன்னா?"

"பயிர் எப்ப நூலுக்குச் சர்க்கரை குடுக்கும்?"

"மணிச்சத்து வேணும்கிறப்ப."

"போதும்கிற பயிர்?"

அவன் தன் கரிசல் இருக்கும் பக்கம் திரும்பினான்.

"நூலைக் கதவுக்கு வெளியே நிறுத்திடும். ஒரு சொட்டுக் குடுக்காது. உங்க ஊர்ல பெரிய காடுகள் எல்லாம் எப்பவோ குடுக்கிறதை நிறுத்தியிருக்கும். பசிச்ச பயிர்தான், இன்னும் கொஞ்சம் கிடைச்சிராதான்னு, காய்ச்சின சர்க்கரையெல்லாம் கீழே இறக்கிக்கிட்டே இருக்கும். அதனாலதான் குட்டையா நிக்கும். அந்தச் சர்க்கரையிலதான் ஊர் நூல் முழுக்க உசிரோட இருந்தது. பாக்டீரியாவும்தான்."

"குடுக்கிற பயிருக்குத்தானே மேடம் நூல் திருப்பிக் குடுக்கணும்?"

"இயற்கையில அப்படித்தான். பூஞ்சை கறாரான ஆளு. யார் குடுக்கிறாங்கன்னு பாத்துத்தான் குடுக்கும்." சுகிர்தா மீட்டரை அணைத்தார். "அதைத்தான் நாங்க மாத்தினோம். இல்லாதவங்களுக்கும் போய்ச் சேரணும்னு, யார் குடுத்தா யார் குடுக்கலைன்னு பாக்காத மாதிரி செஞ்சோம். நல்ல எண்ணத்துலதான். வேர் எங்க நிறைய இருக்கோ அங்க கொண்டுபோய்க் கொட்டுது."

"அப்போ எங்க அக்கா காடு…"

"அதுதான் அடுப்பு. நீங்க அணைச்சிட்டீங்க."

பள்ளத்தில் ஒரு கொக்கு நடந்துகொண்டிருந்தது.

"மறுபடி பத்த வைக்கலாமா?" என்று தவசி கேட்டான்.

"நூல் முழுசாச் சாகல. இப்பப் பயிருக்கெல்லாம் பசி வந்திருக்கு, கொஞ்ச நாள் அதுவே தாங்கும். அதுக்குள்ள ரெண்டு வழி இருக்கு. எல்லாக் காடும் எப்பவும் கொஞ்சம் பசியோட நிக்கணும். நெருக்கி நட்டு, சத்தைப் பகிர்ந்து, எல்லாரும் குறைச்சு அறுக்கணும். இல்லைன்னா இப்படி ஒரே காடு பட்டினி கிடக்கணும்." எதிரே கிடந்த வெறுந்தரையை மட்டும் பார்த்தார்.

ஆழ்வாரப்பன் இதைக் கேட்டதும் முதலில் உட்கார்ந்துவிட்டார். "அந்தப் புள்ள சோளத்தைச் சுமந்துக்கிட்டுல வந்தா. என் வீட்டு வாசல்ல நின்னாள்லா" என்றார். அவர் கண் கலங்கியதைத் தவசி பார்த்தான். கொஞ்ச நேரம் கழித்து அவர் மூக்கைச் சிந்திவிட்டு, வேட்டி நுனியில் கையைத் துடைத்தார்.

"சரி. மாடத்தி காட்டையே திரும்ப வெதைப்போம்."

"அண்ணாச்சி…"

"இல்லடே, கேளு. பசியில நிக்கப் பழகுன காடு. வேற எந்தக் காட்டுக்காரனும் தாங்க மாட்டான். இந்த வாட்டி படி கிடியெல்லாம் வேண்டாம். முன் வரிசையில நாற்காலி போட்டுருவோம். மாலைகூடப் போடலாம். நீயே போய்ச் சொல்லு. தம்பி சொன்னா தட்ட மாட்டா."

மழைக்காலம் என்பதால் உப்பள வேலை நின்றிருந்தது. மாடத்தி வீட்டு முன்னால் சாளை மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். பாதங்களில் உப்பு தின்ற வெடிப்புகள், ஒன்றிரண்டில் துணி சுற்றியிருந்தது. தவசி எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னான். சர்க்கரை, அம்புக்குறி, அடுப்பு. அவள் கை நிற்கவில்லை. மீனின் தலையைக் கிள்ளி எறிந்துகொண்டே இருந்தாள்.

"அப்போ என் காடு வாங்கலையா?"

"வாங்கல. குடுத்துச்சு. ஊருல அது ஒண்ணுதான் குடுத்துச்சு."

"நான் சுமந்த படி?"

அவன் தரையைப் பார்த்தான்.

"சிரிச்சேனலே" என்றாள். "வாசல் வாசலா நின்னு சிரிச்சேனே."

ஒரு பூனை மீன் தலையைக் கவ்விக்கொண்டு போனது. அவள் விரட்டவில்லை. அண்ணாச்சி சொன்னதையும் அவன் சொல்லி முடித்தான். முன் வரிசை நாற்காலி பற்றிச் சொல்லும்போது அவனுக்கே வாய் கூசியது. அவள் அதற்குக் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தான். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அங்க வெதைக்க முடியாதுலே."

"ஏன்?"

கையைக் கழுவிக்கொண்டு எழுந்தாள். "வா."

காட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவள் நொண்டி நொண்டி நடந்தாள். வரப்போரம் நெடுக மண் வெள்ளையாகப் பூத்திருந்தது. அன்று டாக்டரோடு நின்றபோதும் தவசி பார்த்ததுதான். சுண்ணாம்பு என்று நினைத்திருந்தான். சுக்கான் தரையில் வெள்ளை தெரிந்தால் வேறு என்ன நினைப்பது? அவள் கண்ணால் காட்டினாள். குனிந்து விரலில் எடுத்து நாக்கில் வைத்தான்.

உப்பு.

"சாயங்காலம் சோத்துச் சட்டி காலியாத்தானலே வரும். அதுல அள்ளிட்டு வந்தேன். தெனமும். முதல்ல வரப்போரம். அப்புறம் உள்ளுக்குள்ளயும்."

"எதுக்குக்கா இப்படிச் செஞ்ச?"

"பயிர் இல்லாட்டாலும் நூலு தேடி வரும்னு நெனச்சேன். அதுக்கு என்ன தெரியும்? பழக்கத்துல ஊரு சத்தைக் கொண்டாந்து இங்க கொட்டிக்கிட்டே இருக்கும். செத்த காட்டுக்கு எதுக்குலே ஊரு சோறு?" அவள் அவனைப் பார்க்கவில்லை. காட்டைப் பார்த்துச் சொன்னாள். "திரும்ப வெதைக்கணும்னுதான் இருந்தேன். அப்புறம், பாரமா இருந்தது போதும்னு அடைச்சேன். நீதான சொன்ன, நூலுக்கு உப்பு ஆகாதுன்னு."

மழை பெய்தும் அந்தத் தரையில் ஒரு கோரைகூட முளைத்திருக்கவில்லை. கரிசல் உப்பை விடாது. தவசிக்கு அது பாடத்திலேயே தெரியும். இந்தத் தலைமுறையில் அங்கே எதுவும் வராது.

"ஊருல கேட்டா, அவ காடு ஆகாதுன்னு மட்டும் சொல்லு. உப்புன்னு சொல்லாத" என்றாள். "தெரிஞ்சா, வயித்தெரிச்சல்ல செஞ்சேன்னு சொல்லுவாக." பிறகு, "சாப்பிட்டுப் போ" என்றாள். அவன் சாப்பிடாமல் போனான்.

கூட்டத்துக்கு மாடத்தி வரவில்லை. அவளுக்காக முன் வரிசையில் போட்ட நாற்காலியில் யாரோ குடையை வைத்திருந்தார்கள். சுகிர்தா எழுந்து இரண்டு வழிகளையும் சொன்னார். முதல் வழியை இரண்டு முறை சொன்னார். எல்லோரும் கொஞ்சம் குறைத்து அறுத்தால் எந்தக் காடும் சாக வேண்டாம் என்றார். சொல்லி முடித்துக் கூட்டத்தைப் பார்த்தார். கேட்டது புரியாத முகம் ஒன்றுகூட இல்லை. அதுதான் மோசம்.

"எல்லாக் காட்டுக்கும் கொஞ்சம் கொஞ்சம் பசி. இதுக்குச் சம்மதம்கிறவங்க கை தூக்குங்க" என்றார் ஆழ்வாரப்பன். அவர் குரல் நியாயமாகத்தான் இருந்தது. கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டார்.

மின்விசிறி சுற்றியது. ஒரு பெண் பாதி உயர்த்திய கையால் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டாள். தவசியின் கை முழங்கால்மேல் கிடந்தது. அந்த நேரத்தில் அது கனத்துப்போனது என்று பின்னால் யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியாது. கை எப்போதும்போல்தான் இருந்தது. அவனுடைய கரிசல், அவனுடைய கதிர், இந்த வருடம் கட்ட நினைத்திருந்த மாடி அறை எல்லாம் நினைவுக்கு வந்தன. அக்காவும் வந்தாள். கடைசியாகத்தான் வந்தாள்.

"அப்போ ஒரு காடுதான்" என்றார் ஆழ்வாரப்பன் மெதுவாக. "மாடத்தி காடு இனி ஆகாதாம். தவசி பாத்துட்டு வந்துட்டான். வேற எதுன்னு யோசிப்போம். பெருசா விளையாத காடா இருந்தா நல்லது. அவங்களுக்கும் கஷ்டம் தெரியாது."

அப்போது பின்னால் கதவு திறந்தது. ஓடைக்கரையில் சின்னத் துண்டுக் காடு வைத்திருக்கும் செவத்தையா தாமதமாக உள்ளே வந்தார். வழியில் டயர் பஞ்சராகியிருக்க வேண்டும். கையெல்லாம் கறுப்பாக இருந்தது. முன்னால் இடம் இல்லாததால், காலியாகக் கிடந்த கடைசி வரிசையில் தனியாக உட்கார்ந்துகொண்டார்.

நாற்காலிகள் கிறீச்சிட்டன. முன் வரிசை திரும்பியது. அதற்குப் பின்னால் உள்ள வரிசையும். எல்லா முகங்களும் தன் பக்கம் திரும்புவதைப் பார்த்து, தாமதத்துக்காகக் கோபப்படுகிறார்கள் என்று நினைத்துச் செவத்தையா அவசரமாகச் சிரித்தார். அழுக்குக் கையாலேயே எல்லோரையும் கும்பிட்டார்.

தவசியும் திரும்பிப் பார்த்தான்.